'ஷாக் இல்லை' என்று எழுதிய வரி

கம்ப்யூட்டர் நின்றுபோன ஒவ்வொரு முறையும் நான் ஒரு வரி எழுதினேன். தேதி, மணி, யார் உட்கார்ந்திருந்தார்கள், திரையில் என்ன இருந்தது, எப்போது மறுபடி ஓடியது. ஐந்து கட்டங்கள். நீள நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தலைப்புகளைச் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். ஓரத்தில் குறிப்புக்கு ஒரு சிறிய இடம் விட்டிருந்தேன். அந்த நோட்டைப் பார்த்த மேனேஜர், "இந்தக் கம்பெனியில ஒழுங்கா ஓடுறது இது ஒண்ணுதான்யா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நோட்டினால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் சின்னச் சின்ன இரும்பு பாகங்கள் செய்து அனுப்பும் கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தது பி.காம். சாயங்காலங்களில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கி வைத்திருந்தேன். கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அந்த ஒரு காகிதத்தை வைத்து என்னைப் பொறுப்பாக்கிவிட்டார்கள். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, ஃப்யூஸ் போனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும்.

ஸ்டோர்ஸின் ஒரு மூலையைக் கண்ணாடியால் தடுத்து, ஏசி வைத்து, கம்ப்யூட்டர் ரூம் என்று பலகை மாட்டினோம். தூசி ஆகாது என்று மெஷினை விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று விதி. முதலாளியே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். மொசைக் தரையைக் காலையில் ஒரு முறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை ஈரத்துணி போட்டுத் துடைப்பார்கள். நான் ஷூ போடுகிறவன். ஷூவைக் கழற்றிவிட்டு நைலான் சாக்ஸோடு போவேன். மற்றவர்கள் எல்லோரும் வெறும் கால். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அன்று இது எழுத வேண்டிய விஷயம் என்று எனக்குத் தெரியாது.

ஆபரேட்டர்கள் இரண்டு பேர். இரண்டாம் ஷிப்டுக்கு ஒரு இளைஞர். முதல் ஷிப்டுக்கு அந்தப் பெண். அவளுக்கு இருபத்து நான்கு வயது. அப்பா ஆவடியில் ராணுவத்துக்கு வேலை செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர். சர்வீஸில் இருக்கும்போதே இறந்துபோனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அம்மாவும் அவளும் சேக்காட்டில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தார்கள். ஆவடியில் ரயில் ஏறி, பட்டரைவாக்கத்தில் இறங்கி, நடந்து வருவாள். அண்ணனூர் ஷெட்டிலிருந்து வண்டி வரத் தாமதமான நாட்களில்கூட எட்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னால் நாற்காலியில் இருப்பாள். அவள் விரல்கள் வேகமானவை. உற்பத்திக் கணக்கு, இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட், லாரியோடு போக வேண்டிய பட்டியல் எல்லாம் அவள் கையால் ஏறின. வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் முடியவில்லை, அதனால் நிரந்தரமாகவில்லை. அந்த வீடு அவள் சம்பளத்தில்தான் நடந்தது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் மார்ச் மாதமே கம்பெனிக் கிணறு வற்றிவிட்டது. நான் குடியிருந்த அயனம்பாக்கத்தில் ஏரி வெடித்துக் கிடந்தது. சைக்கிளைச் சுற்றுப்பாதையில் விடாமல் ஏரிக்குள்ளேயே ஓட்டிக் குறுக்கே போனேன். கம்பெனிக்கு லாரித் தண்ணீர் வந்தது, அதுவும் முறை வைத்து. தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பையும் மேனேஜர் என்னிடம் கொடுத்தார். எந்தெந்த இடத்துக்கு எத்தனை பக்கெட் போகிறது என்று இரண்டு நாள் சுற்றிப் பார்த்து எழுதினேன். கம்ப்யூட்டர் ரூமுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், சிமென்ட் மூடி போட்ட சிறிய குழி ஒன்று இருந்தது. நடுவில் ஒரு இரும்புக் குழாய். பகல் வாட்ச்மேன் தினமும் அதில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். பழைய எலக்ட்ரீஷியன் ஊற்றச் சொல்லியிருந்தார் என்றார். அந்த எலக்ட்ரீஷியன் வேறு கம்பெனிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளில் மண்ணில் ஊற்றுகிறார்களே என்று நினைத்தேன். பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டு, வாட்ச்மேனிடம் கொடுத்தேன். ஐந்தாவது வரி: 'வேப்பமரத்தடிக் குழி — நிறுத்தவும்.'

இது ஏப்ரல் முதல் வாரம்.

கம்ப்யூட்டர் முதல் முறை நின்றது மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு. திரை உறைந்துவிட்டது. எந்த விசையை அழுத்தினாலும் கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. அணைத்துவிட்டு, முப்பது வரை எண்ணி, மறுபடி போட்டேன். ஓடியது. காலை முதல் ஏற்றியதில் பாதி காணவில்லை. அவள் மறுபடி முதலிலிருந்து அடித்தாள். வியாழக்கிழமை இரண்டு முறை. அடுத்த வாரம் தினமும்.

நான் நோட்டைத் தொடங்கினேன்.

முதலில் வைரஸ் என்று நினைத்தோம். எல்லா ஃபிளாப்பிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஸ்டெபிலைசரை மாற்றினோம். சொருகும் இடத்தை மாற்றினோம். பிறகு மெஷினை விற்ற கடையின் சர்வீஸ் ஆள் வந்தார். நாற்பதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே சொருகியிருந்த கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் பித்தளை விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து, மறுபடி சொருகினார். இரண்டு நாள் ஓடியது. அடுத்த முறை மெமரியை மாற்றினார். அதற்கடுத்து மெஷினுக்குள் கரன்ட் கொடுக்கும் பாகத்தை. அதற்கும் பிறகு ஹார்ட் டிஸ்க்கை. ஒவ்வொன்றையும் தேதியோடு எழுதிவைத்தேன். ஒரு நாள் சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்து, "எர்த் இருக்குல்ல சார்?" என்று கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். மூன்று ஓட்டையும் இருந்தது. இருக்கிறது என்றேன். 'எர்த்: உள்ளது' என்று நோட்டில் எழுதவும் செய்தேன்.

கடைசியில் மெஷினை மவுன்ட் ரோட்டுப் பக்கம் இருந்த தன் கடைக்கு எடுத்துப்போனார். அங்கே மூன்று நாள் இரவு பகலாக ஓடியது. ஒரு முறைகூட நிற்கவில்லை. திருப்பிக் கொண்டுவந்து வைத்த அன்று காலை பதினொன்றேகாலுக்கு நின்றது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அங்க ஓடுது, இங்க ஓடலைன்னா கோளாறு மெஷின்ல இல்ல சார்."

"அப்புறம் எதுல?"

அவர் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே பார்த்தார். அவ்வளவுதான். மெஷினில் இல்லை என்று அவர் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு அந்த அறையில் மிச்சம் இருந்தது ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அந்தப் பெண். நாங்கள் பெண்ணைப் பார்த்தோம்.

ஜூன் நடுவில் ஒரு நாள் காலை அவள் என்னிடம் வந்தாள். பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றாள். பெரிதாக இல்லை, எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கிறது, தரை துடைத்த உடனே கொஞ்சம் அதிகம் என்றாள். நான் உடனே எழுந்து போனேன். ஷூவைக் கழற்றினேன். சாக்ஸோடு உள்ளே போய்ப் புறங்கையைப் பெட்டியின் மேல் வைத்தேன். எதுவும் இல்லை. பக்கவாட்டில், பின்னால், மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"இல்லையேம்மா" என்றேன்.

"எனக்கு அடிக்குது சார்."

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: 'ஆபரேட்டர் ஷாக் என்கிறார். மூன்று இடங்களில் தொட்டுப் பார்த்தேன். ஷாக் இல்லை.'

நாலு நாள் கழித்து, உள்ளே அவள் ரப்பர் செருப்போடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கேட்டதற்கு, செருப்புப் போட்டால் அடிக்கவில்லை என்றாள். தூசியினால்தான் மெஷின் கெடுகிறதோ என்று ஒரு பக்கம் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம், இவள் செருப்போடு உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. முதலாளியே கழற்றுகிறார் என்றேன். அவள் எழுந்து போய்ச் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து கால்களை நாற்காலியின் குறுக்குக் கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டு அடிப்பாள். சில சமயம் மடக்கிச் சம்மணம் போட்டுக்கொள்வாள். ஆபீஸில் உட்காரும் முறையா இது என்று அக்கவுண்ட்ஸில் ஒருவர் சொன்னார். நோட்டில் நான் எழுதியது: 'விதியை மீறிச் செருப்புடன் இருந்தார். எச்சரிக்கப்பட்டார்.'

ஜூலையில் அது நடந்தது. ஒரு வாரத்து டெஸ்பாட்ச் விவரம் முழுவதும் டிஸ்க்கில் அழிந்துவிட்டது. கேட்டில் லாரி நின்றது. கிளீனர் டீ குடிக்கப் போய்விட்டார், டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பட்டியலைக் கையால் எழுதி அனுப்பினோம். அதில் இரண்டு தப்பு. சரக்கு வாங்குகிற கம்பெனியிலிருந்து முதலாளிக்குப் போன் வந்தது. சாயங்காலம் மேனேஜர் நோட்டைக் கேட்டார். நான் முந்தின நாளே கடைசிப் பக்கத்தில் ஒரு தொகுப்பு எழுதி வைத்திருந்தேன். எந்த ஷிப்டில் எத்தனை முறை. முதல் ஷிப்டில் நாற்பத்தொன்று. இரண்டாம் ஷிப்டில் நான்கு.

அவர் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

பகலில் மட்டும் அடுத்த ஷெட்டில் மூன்று வெல்டிங் செட் ஓடின. இரண்டாம் ஷிப்டில் வெல்டிங் கிடையாது. இரண்டு ஆபரேட்டர்களையும் ஒரு வாரம் இடம் மாற்றிப் பார்த்திருக்கலாம். பெண்களை இரவு ஷிப்டில் போட முடியாதுதான். ஆனால் அந்த இளைஞரைப் பகலுக்கு மாற்றி, அவளுக்கு ஒரு வாரம் வேறு வேலை கொடுத்திருக்கலாம். இவ்வளவு கட்டம் போட்டு எழுதிய எனக்கு அது தோன்றவில்லை.

சனிக்கிழமை அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். மேனேஜர் கத்தவில்லை. மெஷின் விஷயத்தில் கவனம் போதவில்லை, திங்களிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொன்னாராம். அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பைப் போட்டாள். என் மேஜைப் பக்கம் வந்து நின்றாள்.

"சார், நான் சொன்னதெல்லாம் நோட்டுல எழுதியிருக்கீங்கல்ல?"

"எல்லாம் எழுதியிருக்கேன்ம்மா."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்த நோட்டு தன் பக்கம் பேசும் என்று அவள் நம்பியிருந்தாள். அது அப்போது எனக்குப் புரியவில்லை. எழுதியிருக்கிறேனா என்று கேட்டாள், எழுதியிருந்தேன், சொன்னேன்.

மூன்றாம் நாள் மாலை மழை பெய்தது. வீட்டில் எனக்கு வேறொரு டைரி உண்டு. பள்ளிக்கூட நாளிலிருந்து எழுதி வருகிறேன். முதல் வரி எப்போதும் அன்றைய வெயிலும் மழையும். 'மாலை ஐந்தேகால் முதல் ஒரு மணி நேரம் நல்ல மழை. ஏரியில் மண் வாசனை.' அந்த வாரமும் அடுத்த வாரமும் நாலைந்து மாலைகள் பெய்தது. கம்பெனி நோட்டில் அந்த வாரத்துக்கு எழுதியது: 'இந்த வாரம் ஒன்றும் இல்லை.' இளைஞரைப் பகலுக்கு மாற்றியிருந்தார்கள். மெஷின் ஒழுங்காக ஓடியது. ஆகஸ்ட், செப்டம்பரில் எப்போதாவது ஒரு முறை நின்றதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி மழை வந்ததும் அதுவும் நின்றது. மேனேஜர் என்னிடம், "பாத்தியா" என்று ஒரு வார்த்தை சொன்னார். நான் பார்த்தேன் என்றுதான் நினைத்தேன்.

இடையில் ஒரு நாள், எஸ்டேட்டிலேயே வேறொரு கம்பெனியிலிருந்து அவளைப் பற்றி விசாரித்துப் போன் வந்தது. நான் அப்போது மேனேஜர் அறையில்தான் இருந்தேன். "நல்ல பொண்ணுதான். மெஷின் மட்டும் அது கையில நிக்காது" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எதிர்ப்பக்கத்திலும் சிரித்திருக்க வேண்டும். நான் என் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த மார்ச்சில் கம்ப்யூட்டர் மறுபடி நிற்கத் தொடங்கியது. இந்த முறை அந்த இளைஞரின் கையில். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, "மெஷினுக்கு அந்தப் பொண்ணு ஞாபகம் வந்துடுச்சு போல சார்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சர்வீஸ் ஆள் மறுபடி வந்தார், மறுபடி ரப்பரால் தேய்த்தார். இந்த முறை யாரும் ஆளைப் பார்க்கவில்லை. மெஷின் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று மேனேஜரே சொன்னார். நான் புதிய பக்கத்தில் கோடு போட்டேன்.

வீட்டிலும் தண்ணீர்க் கஷ்டம். சாக்ஸ் துவைக்கத் தண்ணீர் செலவழிக்க முடியாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். ஒரு புதன்கிழமை, ஷூவை விட்டுவிட்டு ரப்பர் செருப்போடு கம்பெனிக்குப் போனேன். கம்ப்யூட்டர் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றினேன். அப்போதுதான் தரை துடைத்திருந்தார்கள், கால் சில்லென்றது. ஃபிளாப்பியை எடுக்கக் கையை நீட்டியபோது விரல் பெட்டியின் இரும்பில் பட்டது.

சுருக்கென்றது.

கையை எடுத்துக்கொண்டேன். மறுபடி தொட்டேன். மறுபடி சுருக்கென்று முழங்கை வரை வந்தது. வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து தொட்டேன். ஒன்றும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, நாலாக மடித்த செய்தித்தாளின் மேல் நின்று தொட்டேன். ஒன்றும் இல்லை. தாளை விட்டு இறங்கித் தொட்டேன். இருந்தது. இளைஞர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு அடிக்குதா?" என்று கேட்டேன். பழகிப்போச்சு சார் என்றார். நோட்டை எடுத்துப் பழைய பக்கத்தைத் திருப்பினேன். 'ஷாக் இல்லை.' என் கையெழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும்.

காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, எர்த் செத்துப்போய்விட்டது என்றார். பிளக்கில் ஓட்டை இருந்தால் போதாது, அது போய்ச் சேருகிற மண்ணில் ஈரம் இருக்க வேண்டும் என்றார். ஈரம் இல்லையென்றால், வெளியே போக வேண்டிய கரன்ட், கம்ப்யூட்டரின் பெட்டியிலேயே தங்கும். பக்கத்தில் வெல்டிங் செட் போட்டால் அந்த அதிர்ச்சியும் இதிலேயே வந்து இறங்கும். மெஷின் நிற்காமல் என்ன செய்யும் என்றார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய் வேப்பமரத்தடியில் நின்றார். சிமென்ட் மூடியைத் திறந்தார். உள்ளே கரியும் உப்பும் போட்ட மண் சாம்பல் மாதிரி இருந்தது.

"இதுக்கு யாரு தண்ணி ஊத்துறது?"

வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். அவர் வந்து குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் எங்கைல கேக்குறீங்க? டெய்லி ரெண்டு பக்கெட்டு ஊத்திகினுதான இருந்தேன். நீங்கதான எய்திக் குட்த்தீங்க, குழிக்கு ஊத்தாதன்னு."

"எப்போ?"

"போன வருசம். கேட் ரூமாண்ட ஒட்டி கீது, வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். சுவரில் சோற்றால் ஒட்டிய காகிதம் மஞ்சளாகியிருந்தது. ஐந்தாவது வரி. கீழே தேதி, என் கையெழுத்து. மழைக்காலம் முழுவதும், தண்ணீர் இருந்தபோதும், அவர் ஊற்றவில்லை. நிறுத்தச் சொன்னவன் மறுபடி தொடங்கச் சொல்லவில்லை.

அன்று நாலு பக்கெட் ஊற்றினோம். மறுநாள் நாலு. வெள்ளிக்கிழமையிலிருந்து கம்ப்யூட்டர் நிற்கவில்லை.

அந்த ஞாயிறு, வீட்டில் முதல் முறையாக இரண்டு நோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். வீட்டு டைரியில் மழை என்று எழுதிய வாரங்களும் கம்பெனி நோட்டில் ஒன்றும் இல்லை என்று எழுதிய வாரங்களும் ஒன்றாக இருந்தன. விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை.

திங்களன்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடலாமா என்றேன். அவள் இடத்தில்தான் ஆள் இருக்கிறதே என்றார். அப்படியானால் அவள் மேல் தப்பு இல்லை என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமாவது கொடுக்கலாம் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"குடுக்கலாம். தண்ணிய நிறுத்தினது யாருன்னும் அதுல எழுதணும். பரவால்லையா?"

பரவாயில்லை என்றேன். அப்படிச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு வாரம் கழித்து நினைவூட்டினேன். முடிந்துபோனதை ஏன் கிளறுகிறாய் என்றார். மறுபடி கேட்டபோது போனை எடுத்து யாருக்கோ நம்பரைச் சுழற்றத் தொடங்கினார்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு சேக்காட்டுக்குப் போனேன். பழைய அட்டெண்டன்ஸ் பதிவில் விலாசம் இருந்தது. வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் போய்ப் பின்னால் திரும்ப வேண்டும். அம்மாவும் பெண்ணும் காலைப் பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினேன். சுவரில் மாதா படத்துக்குக் கீழே அப்பாவின் படம் இருந்தது. அவள் இளைத்திருந்தாள். மாத்திரை பேக்கிங் செய்கிற இடத்தில் வேலை, நாள் முழுவதும் நின்றுகொண்டே செய்ய வேண்டும் என்று அம்மாதான் சொன்னார். கம்ப்யூட்டர் வேலைக்கு இரண்டு மூன்று இடத்தில் கேட்டாளாம், எங்கேயும் எடுக்கவில்லையாம். அந்த அம்மா எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இவளால உங்களுக்கெல்லாம் எவ்ளோ கஷ்டம். பெரிய மெஷினு, பாத்துப் பதனமாத் தொடுடின்னு படிச்சுப் படிச்சு சொன்னேன் சார். கேட்டாத்தான? ஷாக் அடிக்குதுன்னு வந்து கதை சொன்னா. அந்த சார் தொட்டுப் பாத்தாராமே, அவருக்கு அடிக்கலையாமேன்னு நான் கேட்டேன். வாயத் தொறக்கல."

அவள் அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். இந்தப் பேச்சைப் பல முறை கேட்டவள் மாதிரி அசையாமல் இருந்தாள்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். குழி, தண்ணீர், என் பட்டியல், சாக்ஸ். சுருக்கமாகச் சொல்ல நினைத்தும் நீளமாகிவிட்டது. அந்த அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. மெஷின் சரியாகிவிட்டதா என்று கேட்டார். சரியாகிவிட்டது என்றேன். சந்தோஷம் என்றார்.

"நோட்டு கொண்டாந்திருக்கீங்களா சார்?" என்று அவள் கேட்டாள்.

எடுத்தேன்.

"நான் ஷாக்குன்னு சொன்ன அன்னிக்கு எழுதினதப் படிங்க. அம்மாவுக்குக் கேக்குற மாதிரி."

படித்தேன். ஆபரேட்டர் ஷாக் என்கிறார். மூன்று இடங்களில் தொட்டுப் பார்த்தேன். ஷாக் இல்லை.

"செருப்பு அன்னிக்கு."

அதையும் படித்தேன். விதியை மீறிச் செருப்புடன் இருந்தார். எச்சரிக்கப்பட்டார். சின்ன அறை, என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இவ சொன்னது நெசந்தானா?"

"நெசம்தான்மா. நான் எழுதினதுதான் தப்பு."

அவள் நோட்டை என் கையிலிருந்து வாங்கினாள். பக்கம் பக்கமாகத் திருப்பினாள். மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தாள். அது ஆபரேட்டரின் பெயர் எழுதும் கட்டம்.

"பக்கத்துக்குப் பக்கம் என் பேருதான் இருக்கு. உங்க பேரு ஒரு இடத்துலகூட இல்லையே சார்."

பேனாவை எடுத்தேன். முதல் பக்கத்தில், தலைப்புக்கு மேலே இருந்த இடத்தில், முந்தின வருஷத்து ஏப்ரல் தேதியைப் போட்டு, எர்த் குழிக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது என்று எழுதினேன். நிறுத்தியவர் என்று போட்டு என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் லெட்டர் கொடுப்பார்களா என்று கேட்டாள். கேட்டுப் பார்த்தேன், கொடுக்கமாட்டார்கள் என்றேன். நானே என் பெயரில் எழுதிக் கொடுக்கிறேன், வேலை கேட்கும் இடத்தில் காட்டலாம் என்றேன். ஸ்டோர்ஸ் கிளார்க் கடிதத்தை யார் பார்ப்பார்கள் என்று அவள் சொல்லவில்லை. வேணாம் சார் என்றாள்.

எழுந்தேன். நோட்டுக்குக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"இது இங்கயே இருக்கட்டும். அம்மாவுக்கு ஞாபகம் இருக்காது, மறுபடி ஆரம்பிச்சுடுவாங்க. அப்பப்ப படிச்சுக் காட்டணும்."

அது கம்பெனி நோட்டு. கம்பெனிப் பொருள் ஒரு குண்டூசியைக்கூட நான் வெளியே விட்டதில்லை. விட்டுவிட்டு வந்தேன். ஆவடி ஸ்டேஷனில் வண்டிக்கு நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். அன்று வீட்டு டைரியில் இரண்டு வரிதான் எழுத முடிந்தது. கடும் வெயில், மழை அறிகுறி இல்லை. சேக்காடு போய் வந்தேன்.